எழுதியவருக்கு நாணயம்; ஒழுங்குசெய்தவருக்கு?

ஆய்வு மாணவர்களின் குழுக்களில் ஒரு வகை அழைப்பு அவ்வப்போது சுற்றி வருகிறது. கூட்டாக எழுதப்படும் விக்கித் தளம் ஒன்றில் உங்கள் துறை சார்ந்த கட்டுரைகளை எழுதுங்கள். ஏற்கப்படும் ஒவ்வொரு கட்டுரைக்கும் கிரிப்டோ நாணயம் உங்கள் கணக்கில் சேரும் என்பது அதன் சாரம். இதற்கு இரு வகையான எதிர்வினைகளைப் பார்க்கிறேன். அறிவை விலைபேசலாமா என்று சினப்பவர்கள் ஒரு பக்கம். உழைப்புக்கு ஊதியம் கேட்பதில் என்ன பிழை என்று கேட்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாம் அணியைச் சேர்ந்தவன். ஆயினும் இத்தகைய தளங்கள் கட்டமைக்கப்படும் முறையில் அடிப்படையான கோளாறு ஒன்று இருப்பதாகக் கருதுகிறேன். அதனை மொழியியல் படித்தவன் என்ற நிலையிலிருந்து விளக்குவதே இப்பதிவின் நோக்கம். சற்று நீளமான பதிவு, பொறுத்தருள்க.

முதலில் இந்த ஈர்ப்பின் பின்னணியைச் சொல்லிவிடுவது நேர்மை. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அத்தகுதி பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். அந்தத் தொகையும் குறித்த நாளில் வந்து சேர்வதில்லை என்பதை இதைப் படிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடுதிக் கட்டணத்திற்கும் உணவகப் பாக்கிக்கும் இடையில் நிற்பவரிடம் ‘அறிவுத் தொண்டு’ பற்றி உபதேசிப்பது எளிது, நியாயமன்று. ஆகவே, ‘பணம் வாங்கலாமா?’ என்ற கேள்வியை இங்கு நான் எழுப்பப் போவதில்லை. எந்த வேலைக்குப் பணம் கொடுக்கப்படுகிறது, யார் அதை அளக்கிறார், எப்போது கொடுக்கப்படுகிறது என்ற மூன்று கேள்விகளே முக்கியமானவை.

ஒரு மெய்யான எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். எவரிபீடியா என்ற தளம் அமெரிக்காவில் 2015 வாக்கில் தொடங்கப்பட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவின் உள்ளடக்கத்தை அதன் திறந்த உரிமத்தின்படி எடுத்துக்கொண்டு அதன்மேல் புதிய கட்டுரைகளைச் சேர்த்தது. 2017 டிசம்பரில் விக்கிப்பீடியாவின் இணை நிறுவனர்களில் ஒருவரான லாரி சாங்கர் அதில் சேர்ந்தார், 2019இல் விலகினார். 2018இல் அத்தளம் ஈஓஎஸ் என்னும் பிளாக்செயினுக்கு மாறி, ஐக்யூ என்ற நாணயத்தை வெளியிட்டது. திருத்தம் செய்ய விரும்புபவர் சிறிது நாணயத்தைப் பிணையாக வைக்க வேண்டும். நாணயம் வைத்திருக்கும் பிறர் அத்திருத்தத்தின்மீது வாக்களிப்பர். ஏற்கப்பட்டால் பிணை திரும்புவதோடு வெகுமதியும் உண்டு.

காகிதத்தில் இது அழகான ஏற்பாடு. தவறாக எழுதுபவர் இழப்பார். சரியாக எழுதுபவர் பெறுவார். ஆனால் தொடக்கத்தில் அந்த நாணயம் யாருக்குச் சென்றது என்று பாருங்கள். ஈஓஎஸ் நாணயம் வைத்திருந்தவர்களுக்கு, ஒரு ஈஓஎஸ்ஸுக்கு 5.1 ஐக்யூ என்ற கணக்கில் இலவசமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதாவது, ஒரு கலைக்களஞ்சியத்தில் எது நிற்கும், எது நீங்கும் என்பதைத் தீர்மானிக்கும் வாக்குரிமையின் பெரும்பகுதி, ஒரு வரியும் எழுதியிராத, வேறொரு நாணயத்தில் முதலீடு செய்திருந்தவர்களின் கைக்குப் போயிற்று. பின்னாளில் அத்தளம் வேறு பிளாக்செயின்களுக்கு இடம்பெயர்ந்து, ஐக்யூ விக்கி என்று பெயர் மாறியது. இன்று அது முதன்மையாகக் கிரிப்டோ உலகைப் பற்றிய கலைக்களஞ்சியமாகவே இயங்குகிறது. அனைத்தையும் தழுவ வந்த களஞ்சியம், தனக்குப் படியளக்கும் நாணயத்தின் உலகத்துக்குள் சுருங்கிவிட்டது. இதில் எனக்கு வியப்பில்லை. வாக்களிப்பவர் யாரோ, அவர் அறிந்ததும் விரும்புவதும்தானே வளரும்?

இதே சிக்கலின் இன்னொரு முகத்தை ஸ்டீமிட் தளத்தில் காணலாம். அது விக்கி அன்று. பதிவுகளுக்கு நாணயம் வழங்கும் தளம். 2016இல் தொடங்கியது. அங்கும் வாக்கின் எடை, வைத்திருக்கும் நாணயத்தின் அளவைப் பொறுத்தது. விரைவிலேயே வாக்குகளை விலைக்கு விற்கும் தானியங்கிகள் தோன்றின. 2020இல் அந்த நிறுவனம் கைமாறியபோது, புதிய உரிமையாளருக்கும் பயனர்களுக்கும் பூசல் மூண்டது. நாணயப் பரிமாற்றகங்கள் சில, தம் வாடிக்கையாளர்கள் வைப்பாகக் கொடுத்திருந்த நாணயங்களைக் கொண்டே வாக்களித்தன. பயனர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து ஹைவ் என்ற தனி வலையமைப்பை உருவாக்கிக்கொண்டனர். ‘மையமற்ற ஆட்சி’ என்பது, நாணயம் ஓரிடத்தில் குவியாத வரைக்கும்தான் மையமற்றது.

இனி, முதல் கேள்விக்கு வருவோம்: எதை அளக்கிறோம்?

இத்தகைய தளங்களில் வெகுமதி பெரும்பாலும் ஒரு தனிச் செயலுக்கு வழங்கப்படுகிறது: புதிய கட்டுரை, புதிய திருத்தம், இத்தனை சொல், இத்தனை பைட். ஆங்கிலத்திலேயே இவை கோணலான அளவுகோல்கள். தமிழில் அவை நகைப்புக்குரியவை.

யூனிகோடின் யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பெறும். ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). ஆக 15 பைட். அதே சொல்லை உரோமன் எழுத்தில் ஐந்தெழுத்தாக எழுதினால் 5 பைட். பைட் கணக்கில் படியளந்தால் தமிழில் எழுதுபவர் மும்மடங்கு பெறுவார். அதைச் சரிசெய்யச் சொற்கணக்குக்கு மாறினால் தலைகீழ் அநீதி. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பது தமிழில் ஒரே சொல்; ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொற்கள் வேண்டும். ஒட்டுநிலை மொழி ஒன்றில் சொல்லை எண்ணுவது, கோவையாகத் தொடுத்த பூவை முழம்போட்டு விற்காமல் சரத்துக்கு ஒன்றென விற்பதுபோல. இன்னொரு விளைவும் உண்டு. ‘செய்துகொண்டிருக்கிறார்’ என்று சேர்த்தெழுதினால் ஒரு சொல். ‘செய்து கொண்டு இருக்கிறார்’ என்று பிரித்தெழுதினால் மூன்று. சொல்லுக்குக் காசு என்றால், எழுத்துமரபையே காசு தீர்மானிக்கத் தொடங்கிவிடும். தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆனால் இதைவிட ஆழமான கோளாறு வேறு. கலைக்களஞ்சியம் என்பது கட்டுரைகளின் குவியல் அன்று. கட்டுரைகளுக்கிடையிலான உறவுகளின் அமைப்பு. ஒரே பொருளுக்கு இரண்டு பக்கங்கள் இருந்தால் அவற்றை ஒன்றிணைப்பது, மாற்றுப் பெயர்களுக்கு வழிமாற்று அமைப்பது, பகுப்புகளைச் சீராக்குவது, ஒரே பெயருடைய பலரைப் பிரித்துக் காட்டுவது, இறந்துபோன இணைப்புகளைக் கண்டறிவது, சான்றில்லாத கூற்றை நீக்குவது ஆகிய இந்த வேலைகள்தாம் குவியலைக் களஞ்சியமாக்குகின்றன. இவற்றில் பல, பக்கத்தின் நீளத்தைக் குறைப்பவை. சில, பக்கத்தையே இல்லாமல் செய்பவை. கூட்டலுக்கு மட்டும் பணம் தரும் அமைப்பில், கழித்தலைச் செய்பவருக்கு என்ன கிடைக்கும்? பகைதான் கிடைக்கும். என் கட்டுரைக்கு நாணயம் வந்திருக்கிறது. நீங்கள் அதை இன்னொன்றோடு இணைக்கச் சொல்கிறீர்கள் என்றால், அது இனி வெறும் கருத்து வேறுபாடு அன்று. என் வருமானத்தின்மீதான தாக்குதல்.

தமிழில் இந்த ஒழுங்குபடுத்தும் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று போதும். கனடாவின் பெருநகரைத் தமிழ்நாட்டார் ‘டொராண்டோ’ என்பர். ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என்பர். இரண்டும் ஒலிபெயர்ப்பு மரபுகள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஒரே நகரத்துக்கு இரண்டு கட்டுரைகள் எழுதி இரண்டு வெகுமதி பெறுவது எளிது. ஒன்றை மற்றதற்கு வழிமாற்றாக்கி, எந்த மரபையும் புண்படுத்தாமல் பேச்சுப் பக்கத்தில் உடன்பாடு காண்பது கடினம். இதில் முதல் வேலைக்குத்தான் இத்தகைய தளங்கள் பணம் தருகின்றன. இரண்டாம் வேலைதான் களஞ்சியத்துக்குத் தேவை.

கூகுள் 2008இல் பொதுப்பயன்பாட்டுக்குத் திறந்த நால் தளத்தின் கதை இதற்குப் பொருத்தமானது. அங்குக் கட்டுரையாளர் தம் பெயரில் எழுதலாம். விளம்பர வருவாயில் பங்கும் பெறலாம். ஒரே தலைப்பில் எத்தனை பேரும் போட்டிக் கட்டுரைகள் எழுதலாம். யாருக்கும் மற்றவரோடு இணைய வேண்டிய தேவை இல்லை. 2012இல் அது மூடப்பட்டது. அதன் முடிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் கட்டுரை தனிச்சொத்தாகும் இடத்தில் களஞ்சியம் உருவாவதில்லை என்பதை அது நன்கு காட்டிற்று.

தமிழ் விக்கிப்பீடியாவும் பணத்தோடு மோதிப் பார்த்திருக்கிறது. 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூகுள் நிறுவனம், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்த்து இட்டது. அவை நீளமானவை, எண்ணிக்கையும் கணிசம். ஆனால் தலைப்புத் தேர்வு தமிழ் வாசகரின் தேவையை ஒட்டியதாக இல்லை. நடை செயற்கையாக இருந்தது. உள்ளிணைப்புகள் பல வெறும் சிவப்பாக நின்றன. பேச்சுப் பக்கத்தில் பிழை சுட்டினால் எழுதியவர் மறுமொழி தருவது அரிதாக இருந்தது. வங்காள விக்கிச் சமூகம் அத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தது. தமிழ்ச் சமூகம் முழுதாக மறுக்காமல் நிறுவனத்தோடு பேசிற்று, குறைகளைத் தொகுத்தது, அந்த மதிப்பீடு 2010இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. அந்த மொழிபெயர்ப்பாளர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கட்டுரையை முடித்துக் கொடுக்கத்தான் கூலி. திரும்பி வந்து பார்ப்பதற்குக் கூலி இல்லை. அமைப்பு எதற்குக் கொடுத்ததோ அது நடந்தது.

அப்படியானால் கூட்டுழைப்பும் ஊதியமும் ஒத்தே போகாவா? போகும். என் துறையின் பெரும் எடுத்துக்காட்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1879இல் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களுக்கு விடுத்த வேண்டுகோளை ஏற்று, எண்ணற்ற தன்னார்வலர்கள் தாம் படித்த நூல்களிலிருந்து மேற்கோள்களைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினர். அவர்களுக்குக் காசு இல்லை. ஆனால் வந்து குவிந்த சீட்டுகளைப் பிரித்து, அடுக்கி, பொருள்வாரியாக வரையறுத்த பதிப்பாசிரியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் ஊதியம் இருந்தது. சீட்டுகளை அகர வரிசையில் பிரித்துக் கொடுத்த தம் பிள்ளைகளுக்குக்கூட மர்ரே சில்லறைக் காசு கொடுத்தார். தருவது தன்னார்வம், ஒழுங்குசெய்வது ஊதியப் பணி. 1928இல் அகராதி முழுமை பெற்றது அந்தப் பிரிவினையால்தான் என்பது என் எண்ணம். தமிழிலும், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தின் பின்னால் ஒரு பதிப்பலுவலகம் இருந்தது. கட்டுரை கொடுத்த அறிஞர்கள் மட்டும் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரு கட்டுரைக் கட்டு.

நாணயம் வழங்கும் விக்கிகளோ இதைத் தலைகீழாக்கின. எவரும் விரும்பிச் செய்யும் வேலைக்கு வெகுமதி. எவரும் விரும்பாத வேலைக்கு வெறுங்கை.

வெறுமனே குறைசொல்லி நிற்பது ஆய்வாளருக்கு அழகன்று. இத்தகைய தளம் ஒன்றை இன்று ஒழுங்குபடுத்த வேண்டுமென்றால் நான் முன்வைப்பவை இவை:

1. கட்டுரைக்கு வெகுமதி வேண்டாம், பராமரிப்புக்குக் கொடுங்கள். ஒன்றிணைத்தல், வழிமாற்று, பகுப்புச் சீரமைப்பு, சான்று சரிபார்ப்பு ஆகியவற்றைச் சமூகம் முன்கூட்டியே பட்டியலிட வேண்டும். பட்டியலில் உள்ள வேலைக்கே ஊதியம். ‘நானே கண்டுபிடித்து நானே செய்தேன்’ என்பதற்கு இடம் தந்தால், பிழையை உருவாக்கித் திருத்தும் தொழில் வளரும்.

2. கொடுப்பதைத் தாமதப்படுத்துங்கள். ஒரு திருத்தம் நல்லதா என்பது அன்றே தெரியாது. ஆறு மாதம் கழித்தும், பிறர் கைபட்ட பின்னும், அது நிற்கிறதா என்று பார்த்துக் கொடுக்கலாம். ஆனால் நிற்பது மட்டுமே சான்றாகாது. எவரும் படிக்காத பக்கத்தில் பிழையும் நெடுங்காலம் நிற்கும். ஆகவே, அக்காலத்துக்குள் குறைந்தது ஒருவராவது சான்றுகளைத் திறந்து பார்த்துச் சரியெனக் குறித்திருக்க வேண்டும். அவருக்கும் அதற்கான பங்கு உண்டு.

3. வாக்கையும் நாணயத்தையும் பிரியுங்கள். உள்ளடக்கத்தின்மீது முடிவெடுக்கும் உரிமை, வாங்க முடியாததாக, பிறருக்கு மாற்றித் தர முடியாததாக இருக்க வேண்டும். பங்களிப்பின் வரலாற்றிலிருந்தே அது பிறக்க வேண்டும். அதுவும், வாக்கெடுப்பு கடைசி வழியே. ஒரு கல்வெட்டின் காலத்தை அறுபது விழுக்காட்டு வாக்கால் முடிவுசெய்ய இயலாது. சான்றும் உரையாடலும்தான் முடிவுசெய்யும்.

4. ஒவ்வொரு மொழிக்கும் அதற்குரிய அளவுகோலை அம்மொழியினரே வகுக்கட்டும். ஆங்கிலத்துக்காக எழுதிய நகல்கண்டறி நிரல் தமிழில் தடுமாறும். வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் சற்று மாற்றினாலே அதற்கு அது புதிய வாக்கியமாகத் தோன்றும். உருபனியல் பகுப்பாய்வு இல்லாத எந்தத் தானியங்கி மதிப்பீடும் இங்கு நம்பத்தக்கதன்று.

5. ஊதியம் பெறுவதை வெளிப்படுத்துங்கள். விக்கிமீடியா நிறுவனம் 2014இலேயே தன் பயன்பாட்டு விதிகளில், பணம் பெற்றுத் தொகுப்பவர் அதை அறிவிக்க வேண்டும் என்று சேர்த்தது. பிளாக்செயினில் எல்லாம் பதிவாகிறது என்பது இதற்கு ஈடாகாது. கணக்கு எண் வெளிப்படையாக இருக்கும். அதன் பின்னுள்ள ஆளும் அவருடைய நலனும் மறைந்தே இருக்கும்.

6. உழைத்தவருக்கு நிலையான மதிப்பில் கொடுங்கள். எழுதிய நாளில் ஒரு மதிப்பு, கைக்கு வரும் நாளில் வேறொரு மதிப்பு என்றால் அது ஊதியம் அன்று, சீட்டாட்டம்.

கடைசிக் கருத்தை நம் நாட்டுச் சூழலில் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் சொத்துகளை மாற்றுவதால் வரும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி. அவ்வாண்டு ஜூலை முதல், குறித்த வரம்பைத் தாண்டும் பரிமாற்றங்களில் 1 விழுக்காடு முன்பிடித்தமும் உண்டு. ஒரு நாணயத்தில் வந்த இழப்பை இன்னொன்றின் ஆதாயத்தில் கழித்துக்கொள்ள இயலாது. வருமான வரி வரம்புக்குக் கீழே இருக்கும் ஆய்வு மாணவரும் இந்த ஆதாயத்துக்கு 30 விழுக்காடு செலுத்த வேண்டும். போதாக்குறைக்கு, உதவித்தொகை பெறுபவர் வேறு ஊதியப் பணி ஏற்பதற்கு விதிகளில் கட்டுப்பாடுகள் உள்ளன. அழைப்பு அனுப்புபவர்கள் இவற்றில் எதையும் அழைப்பில் எழுதுவதில்லை.

என் வாதத்துக்கு எதிராக எழக்கூடிய மறுப்புகளில் வலிமையானது ஒன்று: ‘விக்கிப்பீடியாவின் தன்னார்வம் என்பது ஓய்வுநேரம் உள்ளவர்களின் சலுகை. வேலைக்கும் வீட்டுப் பணிக்கும் நடுவில் மூச்சுவிட முடியாதவர், சிறுபான்மை மொழி பேசுபவர், முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகியோர் அங்கு வராமற்போவதற்குக் காரணம் அதுவே. நாணயம் அவர்களை உள்ளே கொண்டுவரும்.’ முதற்பாதியை முழுதாக ஏற்கிறேன். துளு, கோண்டி, இருளர் மொழி போன்றவற்றின் அறிவைப் பதிவுசெய்பவர்களுக்கு ஊதியம் தரப்பட வேண்டும். அது கொடையன்று, கடன். ஆனால் மறுபாதியை ஏற்க இயலவில்லை. வெகுமதி பெறுவதற்கு முன் பிணைக்கு நாணயம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் அமைப்பு, இல்லாதவருக்காகக் கட்டப்பட்டதன்று. வாக்காளர்களுக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட கட்டுரையை அவர்கள் எதைக்கொண்டு ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள்? சிறிய மொழிக்குத் தேவை, அம்மொழியறிந்த பத்துப் பேருக்கு ஓராண்டுக்கு உறுதியான மாத ஊதியம். ஏற்ற இறக்கச் சந்தையில் மிதக்கும் ஆயிரம் சில்லுகள் அதற்கு மாற்றாகா.

ஆகவே, அழைப்பு வந்தால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே ஏற்கவும் வேண்டாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் கட்டுரையை இன்னொருவர் இணைத்தால் அல்லது நீக்கினால் அவருக்கு என்ன கிடைக்கும்? அதை முடிவுசெய்யும் வாக்கு யாரிடம் உள்ளது? எனக்கு வருவது ரூபாயில் எவ்வளவு, எந்த நாளில்? மூன்றுக்கும் தெளிவான விடை தரும் தளம் இருந்தால் மகிழ்ச்சியோடு எழுதுங்கள். விடை மழுப்பலாக இருந்தால், அங்கு உங்கள் கட்டுரை ஒரு களஞ்சியத்துக்குப் போகவில்லை. ஒரு நாணயத்தின் விலையைத் தாங்கும் முட்டுக்கட்டையாகப் போகிறது என்று கொள்ளலாம்.

பேராசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாணவர்கள் இத்தகைய அழைப்புகளின் பக்கம் சாய்வது பேராசையால் அன்று. பொதுவெளிக்கு எழுதும் உழைப்பைப் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணாகவோ பணியாகவோ கணக்கில் எடுத்துக்கொள்ளாததால்தான். ஒரு துறை, தன் ஆய்வு மாணவர் ஒருவருக்கு ஒரு பருவத்துக்குக் கற்பித்தல் உதவிக்கு ஈடாகக் கலைக்களஞ்சியப் பராமரிப்புப் பணியை அளித்தால் என்ன? பிளாக்செயின் வேண்டாம், பிணை வேண்டாம், ஒரு துறைத்தலைவரின் கையொப்பம் போதும். இதற்கு விதிமுறைத் தடை ஏதும் இருப்பின் அறிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தடை இல்லையென்றால், யார் முதலில் தொடங்கப் போகிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.